சுமப்பது பை, தெரிவது தையல்

கேன்வாஸ் கட்டங்களை நூலால் நிரப்பும் நீடில்பாயிண்ட் பழகியவர் வீட்டில் தைத்து முடித்த துண்டுகள் சேர்ந்துகொண்டே போகும். சட்டம் போட்டு மாட்ட வீட்டில் எத்தனை சுவர்தான் இருக்கும்? அடுத்த யோசனை பையாகத்தான் இருக்கும். பையாக்கினால் தினமும் கையோடு வரும், நாலு பேர் கண்ணில் படும், யாராவது கேட்டால் விற்கவும் செய்யலாம். யோசனையில் தவறில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? முடித்த துண்டை இரண்டாக மடித்து, பக்கங்களை மெஷினில் ஓட்டி, மேலே இரண்டு கைப்பிடி வைத்துவிடுகிறார்கள். தைத்த அன்று பார்க்க நன்றாகவே இருக்கும். புழங்கத் தொடங்கியதும் கைப்பிடி தைத்த இடத்தில் கேன்வாஸ் நூல் நூலாக உருவி வரும். பக்கத் தையல் ஓரத்தில் மூடாத வெள்ளைக் கட்டங்கள் எட்டிப் பார்க்கும். அடிமூலையில் நூல் தேய்ந்து சாயம் வெளுக்கும். தைத்தவர் தன் தையல் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். தையலில் குறை எதுவும் இருக்காது. எடையை எது தாங்க வேண்டும் என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்த அத்தியாயம் முன்வைப்பது ஒரே ஒரு வாதம்: நீடில்பாயிண்ட் துண்டு எடையைத் தாங்கக் கூடாது. எடையைப் பையின் உடல் தாங்கட்டும். தையல் அதன் மேல் ஏறி வரட்டும். கேன்வாஸின் கட்டம், நூலின் ரகம், தையலின் வகை, துண்டின் அளவு எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்தவை. ஆகவே ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே இந்த முடிவை எடுத்தாக வேண்டும்.

ஏன் தாங்காது என்பதற்கான காரணம் கேன்வாஸின் நெசவிலேயே இருக்கிறது. புழக்கத்தில் அதிகமுள்ள மோனோ கேன்வாஸில் பாவும் ஊடும் ஒன்றின் மேல் ஒன்று போய் வருகின்றன. சந்திக்கும் இடத்தில் எந்தப் பிணைப்பும் கிடையாது. பசை ஏற்றியிருப்பதால்தான் அது விறைப்பாக நிற்கிறது. நாம் தைக்கும் ஒவ்வொரு தையலும் ஒரு சந்திப்பைச் சுற்றிக் கட்டிப் பூட்டுகிறது. எனவே தைத்து நிரப்பிய பரப்பு உண்மையிலேயே உறுதியானது. அதை இழுத்துக் கிழிப்பது எளிதல்ல. ஆனால் பை தைக்கும்போது மூட்டுத் தையல் எங்கே விழுகிறது? தைத்து நிரப்பிய பரப்பின் விளிம்பில். அந்த விளிம்புக்கு அப்பால் இருப்பது அரை அங்குல அகலத்துக்கு வெறும் கேன்வாஸ், அதுவும் கத்தரியால் வெட்டப்பட்டது. வெட்டுப்பட்ட ஓரத்துக்கு இணையாக ஓடும் இழைகளைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. பை நிறைந்து கீழே இழுக்கும்போது மூட்டுத் தையல் அந்த இழைகளை ஒவ்வொன்றாக ஓரத்தை நோக்கித் தள்ளுகிறது. கடைசி இழையும் வெளியே வந்துவிட்டால் மூட்டு திறந்துகொள்கிறது. துண்டில் எது மிக வலுவான இடமோ அதை ஒட்டியே மிக வலுவற்ற இடம் இருக்கிறது, மொத்த இழுவையும் அந்த வலுவற்ற இடத்தில்தான் விழுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மட்டுமே ஒரு கிலோ எடை. அதோடு சாப்பாட்டு டப்பா, குடை, பர்ஸ், சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் அன்றாடப் பையின் எடை சுலபமாக மூன்று கிலோவைத் தொடும். பேருந்துப் படியில் ஏறும்போது பை குலுங்குகிறதே, அப்போது ஓரத்தில் விழும் இழுவை இதைவிடவும் கூடுதல்.

இங்கே ஒரு நல்ல மறுப்பு எழும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் நாற்காலி இருக்கைக்கும் தேவாலய முழந்தாள் மெத்தைக்கும் இதே கேன்வாஸ் தையலைத்தானே போட்டிருக்கிறார்கள்? ஆள் உட்காரும் எடையைத் தாங்கும் தையல் ஒரு சாப்பாட்டு டப்பாவைத் தாங்காதா? இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்துக்காக 1930களில் லூயிசா பெசல் வழிநடத்திய குழு கம்பளி நூலில் தைத்த மெத்தைகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம். நீண்ட காலம் உழைக்கும் என்று கருதித்தான் கேன்வாஸ் தையலைத் தேர்ந்தெடுத்தார்கள். சான்று சரிதான், ஆனால் அது என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. இருக்கையில் ஆள் உட்காரும்போது எடை மேலிருந்து அழுத்துகிறது. அழுத்தத்தை வாங்கிக்கொள்வது அடியில் இருக்கும் திணிப்பும் மரச்சட்டமும். தையல் நடுவில் கிடக்கும் உறை மட்டுமே. அதன் ஓரங்கள் சட்டத்தின் அடிப்பக்கம் மடித்து நெடுகிலும் ஆணி அடிக்கப்பட்டவை. இழுவை எந்த ஒரு புள்ளியிலும் குவிவதில்லை. பையில் எடை அழுத்துவதில்லை, தொங்குகிறது. கைப்பிடி தைத்த நான்கு சின்னச் சதுரங்களில் அத்தனையும் போய்க் குவிகிறது. தேய்மானத்தை நீடில்பாயிண்ட் பொறுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் பிடித்து இழுப்பதைத்தான் பொறுக்காது.

பழைய கைப்பைகளைப் பார்த்தால் அவற்றைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பது புரியும். பெட்டி பாயிண்ட் எனப்படும் நுண்ணிய தையலில் செய்த மாலை விருந்துப் பைகளுக்கு வியன்னா பேர்போன ஊர். அவற்றின் அமைப்பைக் கவனியுங்கள். மேலே உலோகச் சட்டம்; சங்கிலி அந்தச் சட்டத்தில்தான் கோக்கப்பட்டிருக்கும், தைத்த துணியில் அல்ல. உள்ளே தனியாகப் பட்டு லைனிங். அளவோ ஒரு கைக்குட்டை, ஒரு முகப்பூச்சு டப்பா கொள்ளும் அளவு. எடை சட்டத்துக்குப் போகிறது, உரசல் லைனிங்குக்குப் போகிறது, பார்வை மட்டும் தையலுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லின் கம்பளி வேலை என்ற பெயரில் கட்டத்தாள் மாதிரியைப் பார்த்துத் தைக்கும் பழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீடுதோறும் பரவியபோது ஆண்களுக்கான வீட்டுச் செருப்பு மிகப் பிரபலமான பொருளாக இருந்தது. வீட்டுப் பெண்கள் செருப்பின் மேற்பகுதியைத் தைத்துச் செருப்புக்காரரிடம் கொடுப்பார்கள். தோல் அடியும் உள்ளுறையும் சேர்த்து முழுச் செருப்பாக்குவது அவர் வேலை. தரையில் மிதிபடுவது தோல், கண்ணில் படுவது தையல். இந்தப் பங்கீட்டைத்தான் நாமும் பின்பற்றப்போகிறோம்.

நம் பக்கத்திலிருந்தே ஒரு எதிர்ச்சான்றும் வரலாம். நீலகிரித் தோடர் எம்பிராய்டரியில் தோள்பைகள் விற்கின்றனவே, அவை நன்றாகத்தானே உழைக்கின்றன? 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலையும் இழை எண்ணித் தைப்பதுதான். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலை, வரைந்துகொள்ளாமல், கணக்கை மனதில் வைத்தே ஓட்டுகிறார்கள். ஆனால் அங்கே அடிப்படை முழுமையான துணி. போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளிக்காகவே நெய்த முரட்டுத் துணி அது. எம்பிராய்டரி இல்லாவிட்டாலும் அது துணியாகவே இருக்கும், பையாகத் தைத்தாலும் தாங்கும். நம் கேன்வாஸில் தையலை நீக்கினால் மிஞ்சுவது வலை. தோடர் பை உழைப்பதற்குக் காரணம் எடையைத் துணி தாங்குவதுதான். இழை எண்ணும் வேலை என்ற ஒற்றுமையை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே மாதிரி மூட்டினால் நம் பை தோற்கும்.

இனி வடிவத்துக்கு வருவோம். எடை தாங்காமல் தையல் உட்காரக்கூடிய இடங்கள் ஒரு பையில் நிறையவே உண்டு. அவற்றுள் என் முதல் தேர்வு மூடி. தோளில் குறுக்காக மாட்டும் ஸ்லிங் பையின் முன்பக்கம் மடிந்து விழுகிறதே, அந்த மூடி. அது தன் எடையைத் தவிர வேறெதையும் சுமப்பதில்லை. பையின் பின்பக்க மேல்விளிம்பில் ஒரே நேர்த்தையலில் இணைகிறது. அந்தத் தையலையும் கேன்வாஸில் போடாமல் மூடிக்குப் பின்னால் வைக்கும் லைனிங் துணியை இரண்டு அங்குலம் நீட்டிவிட்டு அதில் போடலாம். உரசல் குறைவு, ஏனென்றால் உடம்போடு ஒட்டுவது பின்பக்கம். முழுப் பரப்பும் எதிரில் வருபவரைப் பார்த்திருக்கும். மூடியின் கீழ்விளிம்பை வளைவாக வெட்டும் ஆசை வரும். முதல் பையில் அதைத் தவிர்த்து நேர்விளிம்பாகவே விடுங்கள், கேன்வாஸ் இழையோடு ஒத்துப்போகும் நேர்விளிம்பை மடிப்பது சுலபம். மடிந்து விழும் முதுகுப் பகுதியில் ஒரு அங்குல உயரத்துக்குத் தையல் போடாமல் துணியே வரும்படி வடிவமைத்தால் மூடி தடையின்றி மடியும். கம்பளி நூலில் நிரப்பிய கேன்வாஸ் அந்த இடத்தில் அட்டைபோல் விறைத்துக்கொண்டு நிற்கும். காந்தப் பட்டன் வைப்பதானால் அதன் கால்களைத் தையலுக்குள் குத்தாமல் லைனிங்கில், உள்ளே ஒரு சிறு தோல் துண்டு கொடுத்துப் பொருத்த வேண்டும்.

இரண்டாவது இடம் ஜன்னல். பையின் முன்பக்கத் துணியின் மேல் கேன்வாஸ் துண்டை வைத்து, நான்கு ஓரங்களையும் துணிப்பட்டையாலோ தோல்பட்டையாலோ மூடித் தைப்பது. இதில் ஒரு எச்சரிக்கை: சட்டம் போட ஜன்னல் வெட்டுவதுபோல் முன்பக்கத் துணியையே வெட்டி அந்த ஓட்டையில் கேன்வாஸைப் பொருத்தாதீர்கள். அப்படிச் செய்தால் எடை மறுபடியும் கேன்வாஸ் வழியாகவே போகும். துணி அடியில் முழுசாக இருக்கட்டும், துண்டு மேலே அமரட்டும். வெளிப்பாக்கெட்டாக வைப்பதும் இதே கணக்குதான், ஆனால் பாக்கெட்டில் சாவி, சில்லறை என்று போட்டு வாயை இழுத்துக்கொண்டே இருப்போம். வாயோரம் தளர்ந்து தொங்காமல் இருக்கப் பட்டையான நாடா ஒன்றை உள்ளே ஓட்ட வேண்டும்.

உடலுக்குக் கெட்டியான காடாத் துணி, ஜீன்ஸ் துணி, டிரில் எதுவும் போதும். கைப்பிடியை மேல்விளிம்பில் மட்டும் தைத்து நிறுத்தாதீர்கள். பருத்தி பெல்ட் நாடா ஒன்றை அடியில் தொடங்கி, முன்பக்கம் ஏற்றி, ஒரு கைப்பிடியாக வளைத்து, முன்பக்கம் வழியாகவே இறக்கி, அடியைச் சுற்றி, பின்பக்கம் ஏற்றி, மறு கைப்பிடியாக வளைத்து, திரும்ப அடிக்கே கொண்டுவந்து முடியுங்கள். நாடாவின் இணைப்பு பையின் அடியில் வரும். பைக்குள் எவ்வளவு போட்டாலும் நாடா அடியிலிருந்து தூக்குகிறது. துணிக்குக்கூட அதிக வேலையில்லை. முன்பக்கம் இறங்கும் இரண்டு நாடாக்களுக்கு நடுவே கிடைக்கும் பட்டை இடம்தான் நீடில்பாயிண்ட் துண்டுக்கு உரியது. நாடாவின் உள்விளிம்பே துண்டின் பக்க ஓரங்களை மூடிவிடும், தனியாகப் பைப்பிங் தேவைப்படாது.

இந்த அமைப்புக்கு இன்னொரு நியாயமும் உண்டு, அது நேரக் கணக்கில் தெரியும். ஓர் அங்குலத்தில் 18 கட்டமுள்ள கேன்வாஸில் ஒரு சதுர அங்குலத்துக்கு 324 தையல். கிளட்ச் எனப்படும் சிறு கைப்பையின் ஒன்பதுக்கு ஐந்து அங்குல முகம் 45 சதுர அங்குலம். மொத்தம் 14,580 தையல். நிமிடத்துக்கு 15 தையல் என்று வைத்துக்கொண்டால் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதே 18 கட்டத்தில் பதினான்கு அங்குலச் சதுரப் பையின் ஒரு முகம் 63,504 தையல், 70 மணி நேரம். இரு பக்கமும் என்றால் இரட்டிப்பு. 10 கட்டக் கேன்வாஸில் அந்த முகம் 19,600 தையலில் முடிந்துவிடும், ஆனால் முகமோ இலையோ பறவையோ படிக்கட்டுபோல் தெரியும். இப்போது பையின் உடலை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டித் தைக்க ஒரு மத்தியான வேளை போதும். ஜிப்பின் ரன்னர் முதலில் கெடும், அப்புறம் லைனிங் கிழியும், அப்புறம் நாடா கறுத்துப்போகும். தையல் மட்டும் நன்றாக இருக்கும்போதே பை செத்துப்போகும். 16 மணி நேர வேலையை ஒரு மத்தியான வேலையோடு பிரிக்க முடியாதபடி மூட்டுவது நட்டக் கணக்கு. மலிவானது முதலில் தேயட்டும், அதை மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டமிட்டால் துண்டை உடலோடு கைத்தையலில் மட்டுமே இணைப்போம்: ஓரத்தை உள்ளே மடித்து, கெட்டி நூலில் மறைதையல். தேவைப்பட்டால் பத்து நிமிடத்தில் பிரித்து இன்னொரு பைக்கு மாற்றலாம். பசை வைத்து ஒட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்பதில்லை. கேன்வாஸ் முழுக்கத் துளை. சூடாக்கி ஊற்றும் பசை அதன் வழியே முன்பக்கம் கசியும், கசிந்ததை எடுக்க வழியில்லை.

அளவும் இடமும் முடிவானபின் கட்டம். மூடிக்கும் கிளட்ச்சுக்கும் 13 அல்லது 14 கட்டம் நடுநிலையானது. கைக்கடிகாரப் பட்டை, பெல்ட், பர்ஸ் போன்ற குறுகிய பொருளுக்கு 18. 18 கட்டத்தில் ஆங்கர் போன்ற ஆறிழைப் பருத்தி நூலின் ஆறு இழையையும் சேர்த்தே ஓட்டலாம், 22ஆம் எண் டேபஸ்ட்ரி ஊசி. 13 கட்டத்துக்குக் கம்பளி நூல் நன்றாக மூடும், 20ஆம் எண் ஊசி. பருத்தியா கம்பளியா என்றால், சென்னையின் வியர்வைக்கும் கடற்கரை ஈரத்துக்கும் பருத்தியே என் சிபாரிசு. கம்பளிக்குத் தேய்மானத் தாங்கு சக்தி அதிகம்தான், ஆனால் அலமாரியில் பூச்சி அரிக்கும். எவ்வளவு நூல் வேண்டும் என்று எவர் கணக்கையும் நம்ப வேண்டாம். நீங்கள் இழுக்கும் இறுக்கம் வேறு. ஒரு மீட்டர் நூலை அளந்து எடுத்து, அதே கேன்வாஸில், அதே தையலில் தைத்து எத்தனை சதுர அங்குலம் வந்தது என்று பாருங்கள். ஆறிழை நூல் ஒரு லடி 8 மீட்டர். மீதி வகுத்தல்தான். பின்புல நிறத்தை மட்டும் கணக்குக்கு மேல் இரண்டு லடி சேர்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த முறை சாயமேற்றிய நூல் நிறத்தில் லேசாக மாறும், பின்புலத்தின் நடுவே அது கோடுபோட்டுக் காட்டும்.

தையல் வகையில் சிக்கனம் பார்ப்பவர்கள் அரைக் குறுக்குத் தையலை எடுப்பார்கள், நூல் குறைவாகச் செலவாகும் என்பதற்காக. அரைக் குறுக்கு, கான்டினென்டல், பாஸ்கெட்வீவ் மூன்றும் முன்பக்கம் ஒரே மாதிரி சாய்கோடாகத்தான் தெரியும். வித்தியாசம் பின்பக்கத்தில். அரைக் குறுக்கில் பின்னால் நூல் ஏறக்குறைய இல்லை, பஞ்சுத்தன்மை இல்லை. மோனோ கேன்வாஸில் தையல் இழைகளுக்கிடையே நழுவவும் செய்யும். கான்டினென்டல் தையல் பின்பக்கம் மூடும், ஆனால் எல்லா இழுப்பும் ஒரே சாய்வில் போவதால் சதுரமாகத் தொடங்கிய துண்டு சாய்சதுரமாக முடியும். பாஸ்கெட்வீவ் தையலில் வரிகள் மூலைவாட்டில் ஏறி இறங்குவதால் பின்பக்க நூல் கிடையும் நெடுக்குமாகப் பின்னிக் கூடைமுடைந்தாற்போல் ஆகிறது. இழுப்பு ஒன்றையொன்று ஈடுகட்டி, துண்டு சதுரமாகவே இருக்கிறது. அரைக் குறுக்கைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நூல் பிடிக்கும். பைக்கென்றால் அந்தக் கூடுதல் செலவு வீண் இல்லை. பார்கெல்லோ என்ற அலைவரித் தையல் மிக வேகமாக நிரம்பும், அழகும்கூட. ஆனால் அதன் நீளத் தையல்கள் வளையலிலும் சாவிக்கொத்திலும் மாட்டி இழுபடும். நான்கு இழைக்கு மேல் தாண்டாமல் வைத்துக்கொண்டால் மூடியில் போடலாம், பெல்ட்டில் வேண்டாம்.

தைத்து முடித்த துண்டை நீட்டி உலர்த்தும் வேலையைத் தவிர்க்கவே முடியாது. கேன்வாஸின் பசை ஈரத்தில் இளகி, காயும்போது இருக்கும் வடிவத்திலேயே இறுகும். அதைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். மென்மையான பலகையில் கட்டம் வரைந்த தாளைப் பாலிதீன் விரிப்பால் மூடி, துண்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, கோட்டுக்குக் கோடு இழுத்து, துருப்பிடிக்காத ஊசிகளை அரை அங்குல இடைவெளியில் வெற்று ஓரத்தில் குத்துங்கள். நிழலில், முழுதாக உலரும்வரை எடுக்கக் கூடாது. ஒரு நாள், மழைக்காலமானால் இரண்டு நாள். இதற்கு முன் இரண்டு சோதனை அவசியம். சிவப்பு, கருநீல நூல்களை ஈர வெள்ளைத்துணியால் ஒற்றிப் பாருங்கள், சாயம் விடுகிறதா என்று. அதைவிட முக்கியம், கேன்வாஸில் வரைய எடுத்த மார்க்கர் நீரில் கரையாததா என்பதைத் தைக்கத் தொடங்கும் முன்பே ஓரத்தில் வரைந்து நனைத்துப் பார்த்துவிட வேண்டும். முடித்த பிறகு தெரிந்து பயனில்லை. வெளிர் நிற நூலுக்குள் ஊறிய மை எந்தச் சோப்புக்கும் போகாது.

வெட்டுவதற்கு முன் தையல் பரப்பைச் சுற்றி மெஷினில் நெருக்கமான ஜிக்ஜாக் இரண்டு வரி ஓட்டிவிடுங்கள். பிறகு முக்கால் அங்குலம் விட்டு வெட்டலாம். தைக்கும்போதே வடிவத்துக்கு வெளியே பின்புல நிறத்தில் இரண்டு வரி கூடுதலாகத் தைத்து வைத்திருந்தால், மடிப்பு அந்த வரிகளுக்குள் விழும், வெள்ளைக் கட்டம் தெரியாது. மடித்த கேன்வாஸ், பக்ரம், லைனிங், துணி என்று நாலைந்து அடுக்கு சேரும் மூலைகளை வீட்டு மெஷின் முறைத்துக்கொண்டு நிற்கும், ஊசி உடையும். 16 அல்லது 18ஆம் எண் ஊசி போட்டு, தையல் நீளத்தைக் கூட்டி, மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பள்ளிப் பைக்கு ஜிப் மாற்றித் தரும் கடைக்காரரிடம் போவதே உத்தமம். அவர் மெஷின் ரெக்சினையும் நாடாவையும் தைத்துப் பழகியது. அப்படிச் செய்தால் கைவேலை என்று எப்படிச் சொல்லிக்கொள்வது என்று சிலர் தயங்குவார்கள். மேலே சொன்ன வீட்டுச் செருப்புகளைத் தைத்தவர்கள் அப்படித் தயங்கவில்லை. நாடா மூட்டத் தெரிந்தவர் நாடாவை மூட்டட்டும்; நீடில்பாயிண்ட் பைக்கு விலை கிடைப்பது 14,580 தையலுக்காக, அடிமூட்டுக்காக அல்ல. கடைக்காரரிடம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: தைத்த முகத்தில் நேராக இஸ்திரி வைக்கக் கூடாது, சுத்தியலால் தட்டக் கூடாது.

சிறு பொருள்களில் எடைக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். பெல்ட்டைப் பாருங்கள்: இழுவை முழுவதும் நீளவாக்கில், பக்கிளில் போய் முடிகிறது. அதனால் தைத்த பட்டைக்குப் பின்னால் முழு நீளத்துக்குத் தோல் ஓடவேண்டும். பக்கிளும் துளைகளும் தோலிலேயே இருக்க வேண்டும், தையல் இரண்டு முனைகளுக்கும் முன்பே நின்றுவிட வேண்டும். சாவிக்கொத்துப் பட்டைக்கும் அதே விதி, நடுவே ஒரு நாடா ஓடி வளையத்தைப் பிடிக்கட்டும். கண்ணாடிக் கூட்டில் எடையே இல்லை. அதனால்தான் முதல் பொருளாக அதைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் கேன்வாஸை அதற்குப் பயன்படுத்தலாம்: உருவாது, வடிவத்துக்கு வெட்டி ஓரங்களைச் சுற்றித் தைத்தால் போதும். ஆனால் அது மடிந்தால் முறியும், கைப்பிடி பொருத்திய இடத்தில் கம்பி அறுந்துபோகும், ஆகவே தொங்கும் பொருளுக்கு ஆகாது. கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் மேட்டித் துணி முழு நெசவு என்பதால் உருவல் குறைவு, மூட்டுவது எளிது. விறைப்பு மட்டும் இல்லை, பின்னால் ஒட்டும் பக்ரம் கொடுக்க வேண்டும். கிராஸ் ஸ்டிட்ச்சில் பூவோ பறவையோ மட்டும் போட்டு மீதியை வெற்றாக விட நினைப்பவர்களுக்கு மேட்டியே சரி.

கடைசியாக, நியாயமான ஓர் ஏக்கம். முன்னும் பின்னும் அடியும் தையலாகவே இருக்கும் பை வேண்டும், துணிக்கு நடுவே ஒட்டுப்போட்டாற்போல் ஒரு சதுரம் போதாது என்பார்கள். அழகியல் காரணத்துக்காக அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன்; செய்யவும் முடியும், கணக்கை மாற்றாமலே. உள்ளே காடாத் துணியில் நாடா சுற்றிய முழுப் பை ஒன்றைத் தனியாகத் தைத்துக்கொள்ளுங்கள், அதுதான் எடை தாங்கும் பை. நீடில்பாயிண்ட் அதன் மேல் உறைபோல் இறங்கட்டும். இரண்டும் இணைவது மேல்விளிம்பில் மட்டும், கைத்தையலில். உறை உள்ளே இருக்கும் பையைவிடக் கால் அங்குலம் பெரிதாக இருந்தால்தான் இழுவை உறைக்குப் போகாது. நாடாக்கள் உறைக்கும் பைக்கும் நடுவே மறைந்து, மேல்விளிம்பில் மட்டும் வெளிவரும். அடிப்பக்கத்துக்கு மட்டும் தையல் போடாமல் தோல் கொடுங்கள். தரையிலும் பேருந்து இருக்கையிலும் வைத்து எடுக்கும் பக்கம் அது, மேலே இருந்து பார்ப்பவர் கண்ணில் படுவதுமில்லை. விற்பனைக்குச் செய்வதானால் உறையின் உள்விளிம்பில் ஒரு சிறு அட்டை வையுங்கள். மேல்விளிம்பு மறைதையல் எந்த மூலையில் தொடங்குகிறது, உறையை எப்படிக் கழற்றுவது, தோய்க்காமல் ஈரத்துணியால் மட்டும் துடைப்பது, உள்பை கிழிந்தால் எந்த அளவில் புதிது தைக்க வேண்டும் என்ற நான்கையும் அதில் எழுதிவிட்டால், பைக்கு வயதானபின் வாங்கியவர் அதை ஒரு தையல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டி, அந்த அளவிலேயே புது உள்பை தைத்துக்கொள்வார்.